அத்தையின் ஜெபமும் அப்பாவின் பூண்டும்

எங்கள் வீட்டில் செய்தித்தாள் வாங்கியதே இல்லை. தேவைப்படவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு என் மாமியார் முழங்கால் போட்டு உட்கார்ந்தால், அன்றைக்கு ஊரில் நடந்தது, தெருவில் நடந்தது, எங்கள் அடுப்படியில் நடந்தது எல்லாம் ஆண்டவரிடம் போய்ச் சேரும். போகிற வழியில் எங்கள் காதிலும் விழும்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவர் காலமானார். படுத்துக் கிடந்தது பத்தே நாள். அடக்க ஆராதனையில் பேசிய எல்லோரும் நல்ல மனைவி, நல்ல தாய், நல்ல பாட்டி என்றார்கள். பொய் இல்லை, அத்தனையும் உண்மை. ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அவர் யாரென்று என்ன தெரியும்? எனக்கு அங்கேயே எழுந்து நின்று பேச வேண்டும்போல் இருந்தது. அழுகையில் வாய் வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூட விடுதியின் சமையற்கட்டில் அவர் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கொதிக்கிற அண்டாவையும் கத்துகிற பிள்ளைகளையும் தாண்டிக் கேட்க வேண்டிய குரல், வேலையை விட்ட பிறகும் இறங்கவில்லை. ஜெபத்தைக் கோயில் தமிழில்தான் ஆரம்பிப்பார். "எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல சாயங்கால வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று இரண்டு நிமிஷம் நிமிர்ந்து போகும். பிறகு மெல்லச் சரிந்து சந்தைத் தமிழுக்கு வந்துவிடும். "ஆண்டவரே, கீழ்வீட்டம்மா கொழாயத் தொறந்துபோட்டுட்டு கடைக்குப் போயிருது. தண்ணி ரோட்டுல ஓடிக் கெடக்கு. அதுக்குப் புத்தியக் குடும். நான் போய்ச் சொன்னா சண்டையாயிரும்." எங்கள் வீட்டுப் பலகைத் தளத்துக்குக் கீழேதான் கீழ்வீட்டம்மா இருந்தார். மறுநாள் குழாய் மூடியிருக்கும்.

என் மாமனார் ஓய்வுபெற்ற டிரைவர். பரம சாது. ஸ்தோத்திரத்துக்கு முன்னாலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். "உம்முடைய சமூகத்துல தூங்குறவங்களையும் கைவிட்டுறாதீரும்" என்று அத்தை சேர்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அவர் போடும் சட்டைக்குச் சனிக்கிழமையே இஸ்திரிப் பெட்டி போட்டு, செருப்பைத் துடைத்து வாசலில் வைப்பதும் அத்தைதான். ஐம்பது வருஷம் அதில் ஒரு வாரம்கூடத் தப்பவில்லை.

வெளியூர் போனாலும் இதே கதைதான். ஒருமுறை பண்ணைக்காட்டில் பஸ் நின்றபோது ஓட்டலில் பரோட்டா சொன்னோம். இலையில் பரோட்டா விழுந்ததும் அத்தை கண்ணை மூடிவிட்டார். சால்னா வாளியோடு வந்தவர் ஊற்றவும் முடியாமல், நகரவும் மனசில்லாமல் நின்றார். பரோட்டா அடிக்கிறவர் முதல் பஸ் டிரைவர் வரை ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்து முடிக்கும்போது பஸ் ஹாரன் மூன்று தடவை அடித்துவிட்டது. பேத்திக்குக் கணக்குப் பரீட்சை என்றால் கேட்கவே வேண்டாம். எத்தனை மார்க் வேண்டும் என்று எண்ணோடு கேட்பார். "பாட்டி, சத்தம் இல்லாம கேளுங்க, பக்கத்து வீட்டுல அவங்க மிஸ் இருக்காங்க" என்று என் மகள் கெஞ்சுவாள்.

இவ்வளவு பேசுகிறவர் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். புறம் பேசுவது பாவம் என்பது அவருடைய சட்டம். நான் ஏதாவது ஆரம்பித்தால், "அந்தச் சோலி நமக்கெதுக்குத்தா" என்று முடித்துவிடுவார். ஆண்டவரிடம் சொல்வது மட்டும் புறணி ஆகாது. மனிதர்களிடம் அடக்கி வைத்ததெல்லாம் அங்கேதான் கொட்டும். இது ஒரு சாமர்த்தியம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே பேசுகிறார் என்று என் கணவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அப்படி இல்லை என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. அவர் நிஜமாகவே ஆண்டவரிடம்தான் பேசினார். நாங்கள் இருப்பதே சில சமயம் அவருக்கு மறந்துபோகும். அந்த மறதியால்தான் ஒருநாள் என் வாழ்க்கையே தலைகீழாயிற்று.

நான் பள்ளங்கிக்கு அந்தப் பக்கம் பூண்டு போடும் குடும்பத்துப் பெண். வீட்டுக்கு ஒரே பிள்ளை. எங்கள் வீட்டில் முருகனைத் தவிர வேறு பேச்சு கிடையாது. கொடைக்கானலில் வேலைக்குப் போன இடத்தில் இவரைப் பார்த்து, பிடித்து, பதிவுக் கல்யாணம் செய்துகொண்டேன். அப்பா அன்றோடு பேச்சை நிறுத்தினார். வீட்டில் இருந்த ஒரே போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. அதனால் அம்மாவின் குரலும் இல்லை என்றாயிற்று.

வந்த முதல் நாள் சாயங்காலம், மதம் மாறச் சொல்லி ஒரு வார்த்தை வரட்டும், பெட்டியைத் தூக்கிவிடலாம் என்று சண்டைக்குத் தயாராக நின்றிருந்தேன். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, ஒரு புள்ளையக் குடுத்துருக்கீரு. ஸ்தோத்திரம். அது ரொம்பக் கோவமா நிக்கிது. அம்மா வீட்டு நெனப்பு. நாங்க யாரும் அத ஒண்ணும் சொல்லல. நீரும் அவசரப்படாதீரும்" என்றார். சிரிப்பை அடக்க நான் அடுப்படிக்கு ஓட வேண்டியிருந்தது. பிற்பாடும் ஞானஸ்நானத்தைப் பற்றி என்னிடம் அவர் கேட்டதில்லை. புதுவருஷ ராத்திரி ஆராதனைக்குப் போகும் முன் வருஷத்துக்கு ஒரு தடவை ஆண்டவரிடம் நினைவுபடுத்துவார், அவ்வளவுதான். நான் இன்றைக்கும் பொட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பூண்டு கொண்டுவருவார். கல்யாணமான அடுத்த வாரமே அவரைப் பார்க்கப் போனேன். கூட்டத்தில் என் முகத்தைக் கண்டதும் தராசைக் கவிழ்த்து வைத்தார். பாதிச் சரக்கு விற்காமலே மூட்டையைக் கட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வருஷக்கணக்காக வலிக்கிற அந்த முழங்காலோடு அவ்வளவையும் திரும்பச் சுமந்தாரே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன், இனிமேல் சந்தைப் பக்கம் போவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன். என் கணவரும் அவர் கண்ணில் படக்கூடாது. கண்ட நிமிஷம் கடையைக் கட்டிவிடுவார்.

அத்தையை அவர் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வரவில்லையே.

அதற்கடுத்த ஞாயிறு கோயில் விட்டு அத்தை பூண்டோடு வந்தார். இரண்டு கட்டு. நான் ஒன்றும் நினைக்கவில்லை. சாயங்காலம் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கூடத்தில் ஜெபம் சந்தைத் தமிழுக்கு இறங்கியிருந்தது. "ஆண்டவரே, இன்னைக்கு ஒரு அண்ணன்கிட்ட பூண்டு வாங்குனேன். நீலக் குல்லா போட்டுருந்தாரு. மகராசன், கட்டுக்குள்ள ஒரு சொத்தகூட வைக்கல. ஆனா எளச்சுப் போயிருக்காரு. சரியாச் சாப்புடுறதில்லன்னு நெனைக்கிறேன். அவருக்குப் பசியக் குடும்." நீலக் குல்லா நான் என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அரிசியை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நான் அந்த வீட்டு ஜெபத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

முடிந்ததும், "அத்தை, எங்கப்பாகிட்டயா வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"பூண்டு வேணும்ல. வாங்குனேன்."

"யாருன்னு சொன்னீங்களா?"

"அவரு கேக்கல. நான் சொல்லல. போய் அரிசியப் போடு, வெரசா."

அப்படித்தான் மூன்று வருஷம் ஓடியது. அப்பா நல்லா இருக்கிறாரா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதா, எங்கள் கறுப்பு மாடு கன்று போட்டதா எல்லாம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில்தான் தெரியும். நேரில் கேட்டால் அத்தை வாயைத் திறக்க மாட்டார். நானும் தொழில் கற்றுக்கொண்டேன். சனிக்கிழமை ராகம் இழுத்து, "இந்த வருசம் எங்க ஊருல உறைபனி ஜாஸ்தியாம், உருளக்கெழங்கு என்னாச்சோ" என்று சுவரைப் பார்த்துச் சொல்லி வைப்பேன். "நான் என்ன ஒற்றனா?" என்று முறைப்பார். மறுநாள் உருளைக்கிழங்கின் நிலவரம் ஆண்டவருக்குப் போய்விடும்.

பூண்டுதான் வீட்டில் சேர்ந்துகொண்டே போனது. செய்தி வேண்டுமென்றால் நின்று பேச வேண்டும், நின்று பேச வேண்டுமென்றால் வாங்க வேண்டும். ஜன்னல் கம்பியில் பூண்டு, உத்தரத்தில் பூண்டு, மாமனாரின் சட்டை மாட்டும் ஆணியில் பூண்டு. ரசம், குழம்பு, துவையல், ஊறுகாய் என்று தின்று தீர்க்கப் பார்த்தோம். வீடு சந்திக்க வந்த போதகர் வாசலிலேயே மூக்கைச் சுளித்து, "இந்த வீட்டுக்குள்ள சளி காய்ச்சல் எட்டிப் பாக்காது போல" என்றார்.

நான் உண்டானேன். இந்தச் செய்தியை மட்டும் அப்பாவிடம் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. சொன்னால் அத்தை யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தால் அவரிடமும் பேச்சை நிறுத்திவிடுவார், வாராவாரம் வரும் அந்தத் துளிச் செய்தியும் நின்றுபோகும். பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். அத்தைதான் அதில் உறுதியாக நின்றார்.

ஏழாம் மாதம், மழை ஓயாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பை தூக்க என் கணவர் கூடப் போயிருந்தார். கம்பளிக் கடைத் தார்ப்பாய்க்குப் பின்னால் மறைந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். அத்தை பூண்டு பொறுக்கிக்கொண்டிருக்க, மூட்டையைத் தூக்கப் போன அப்பா சேற்றில் வழுக்கி முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். வலியில் முகம் கோணிவிட்டது. இன்னொருத்தியாக இருந்தால் தண்ணீர் கொடுத்திருப்பாள், ஆளைக் கூப்பிட்டிருப்பாள். அத்தை என்ன செய்வார்? பையைக் கீழே போட்டார், அவர் தலைக்கு மேல் கையை நீட்டினார், கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். இந்த முட்டிய நீர் தொடும். பாவம், ரெண்டு ஆள் சோலிய ஒத்தையாப் பாக்குறாரு. இவரு நல்லா நடக்கணும். நாளைக்கு நம்ம பேரப்புள்ளயத் தூக்கிட்டு நடக்கணும். ஏழு மாசம் ஆச்சு, உள்ள என்னமா உதைக்குது. அவளும் அப்பா அப்பான்னு ஏங்கிக் கெடக்கா. என் சம்பந்திக்கு நீர் சொகத்த..."

அங்கேதான் நின்றது. கண்ணைத் திறந்தார். ஆமென்கூடச் சொல்லவில்லை.

அப்பா தரையில் உட்கார்ந்தபடியே, "யாருங்க நீங்க?" என்று கேட்டாராம்.

அத்தைக்குப் பொய் வராது. "உங்க மக வாழுற வீடுங்க. நான் அவ மாமியா."

அப்பா தரையில் கையை ஊன்றினார். அந்தக் காலோடு எழுந்தார். தராசை எடுத்து வைத்தார், மூட்டையைக் கட்டினார், ஜீப்பில் ஏறிவிட்டார்.

அத்தை நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செய்தியை ஜெபத்தில் வைக்காமல் நேரே என்னிடம் சொன்னார். "ஆத்தா, தப்புப் பண்ணிட்டேன்."

நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "மூணு வருசமா வாய மூடிட்டு இருந்தவங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்க முடியலையா? உங்க ஜெபத்துக்கு எங்கப்பாதான் கெடச்சாரா? எனக்கு இருந்த ஒண்ணையும் புடுங்கிட்டீங்க" என்றேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். வயிற்றுப்பிள்ளைக்காரி என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். அத்தை ஈரச் சேலையோடு நின்று கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் முழங்கால் போட்டார், ஆனால் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லாததால் மாமனாருக்குத் தூக்கம் வரவில்லை. முழித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அத்தை காலிப் பையோடு திரும்பினார். அப்பா சந்தைக்கே வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் வெள்ளனே எழும்போதே இன்று கேட்டுவிடுவது என்று எழுவேன். வெந்நீர் வைத்துக் கொடுப்பார், வாங்கிக்கொண்டு போய்விடுவேன். வீம்பு. எங்கப்பாவின் பெண் இல்லையா.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, நல்ல வெயில். வாசலில் ஜீப் நின்றது. முதலில் இறங்கியது ஒரு தூக்குவாளி, அதற்குப் பின்னால் அம்மா. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், வயிற்றைத் தடவினாள், மறுபடி அழுதாள். வாளியில் புளிச்சோறு, இன்னொன்றில் தயிர்ச்சோறு, மடியில் காகிதம் சுற்றிய கண்ணாடி வளையல். அப்பா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். இரண்டு கையிலும் இரண்டு கட்டுப் பூண்டு. தாளும் தோலும் புகையில் கறுத்திருந்தன.

"பதினேழு நாளா இந்த மனுசன் அடுப்ப விட்டு நகரல" என்றாள் அம்மா. "பச்சப் பூண்டு புள்ள பெத்தவளுக்கு ஆகாதுன்னு பரண்ல கட்டித் தொங்கவிட்டு, தீ அணையாம பாத்துக்கிட்டு உக்காந்துருக்காரு. சந்தைக்குப் போங்கன்னாலும் போகல. நான் வெறகு தள்ளுனா நம்பிக்கை இல்ல, அவரே தள்ளணும்."

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பூண்டு வேண்டும். அது அப்பன் காட்டில் விளைந்து, அப்பன் வீட்டு அடுப்புப் புகையில் காய்ந்ததாக இருக்க வேண்டும். வேறு எங்கு வாங்கினாலும் அது வெறும் பூண்டுதான். எனக்குத் தெரிந்த வழக்கம்தான். இருந்தும் அந்தப் பதினேழு நாளில் ஒரு நாள்கூட எனக்கு அது தோன்றவில்லை.

"ஒரு வார்த்த சொல்லி விட்டுருக்கலாம்லப்பா" என்றேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்பா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "காஞ்சாத்தானே வர முடியும்."

மாமனார் நாற்காலி கொண்டுவந்து போட்டார். உள்ளே வந்த அப்பா உத்தரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். தன் பூண்டை அவருக்கு அடையாளம் தெரியாதா? "வாராவாரம் ரெண்டு கட்டு. நீங்க மெஸ் நடத்துறீங்கன்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று அத்தையிடம் சொன்னார். முதலில் மாமனார் சிரித்தார். பிறகு யார் யார் சிரித்தோம் என்று தெரியாமல் எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும் சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாகவே நின்றார்.

சாப்பாடு முடிந்து, பனி இறங்கும் முன் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று ஜீப்காரர் ஹாரன் அடித்தார். அப்பா எழுந்தவர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, அன்னைக்குச் சந்தையில என் முட்டிக்கு வேண்டுனீங்க. பாதியில நிறுத்திட்டீங்க. வலியும் பாதிதான் போயிருக்கு. மீதியையும் சொல்லிருங்க, போயிட்டு வாரேன்."

அத்தை முழங்கால் போட்டார். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடினோம். "ஆண்டவரே" என்றார். அதற்குமேல் வரவில்லை. இருநூறு பிள்ளைகள் கத்தலிலும் கேட்ட அந்தக் குரல் எங்கேயோ அடைத்துக்கொண்டது. மறுபடி "ஆண்டவரே" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

எனக்கு என்ன வந்ததோ, அவருக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நான் ஆரம்பித்தேன். கோயில் தமிழ் எனக்குத் தெரியாது. "ஆண்டவரே, எங்க அத்தைய நான் பேசக்கூடாததெல்லாம் பேசிட்டேன். அவங்ககிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க மனசுல அத வச்சுக்கிறாம இருக்கணும். எங்கப்பாவ எங்கிட்ட கொண்டுவந்து விட்டது அவங்கதான். அது எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லிரும்."

 பிறகு என் இடது பக்கத்திலிருந்து, கண்ணைத் திறக்காமலே, அத்தை என் முழங்கையை இடித்தார். "முட்டி" என்று கிசுகிசுத்தார். "முட்டியச் சொல்லுத்தா."

"எங்கப்பா முட்டி வலியும் போகணும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

"அப்படியே ஆவட்டும்" என்றார் அப்பா.